வாசகர் கேள்வி–பதில்: படிப்பையும் விட்டு, வேலைக்கும் போகாமல் இருக்கும் பிள்ளைகள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், பள்ளியை விட்டுவிட்டு வேலையும் அமையாமல் வீட்டிலிருக்கும் இளைஞர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் மனசே சரியில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். நான் ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் பல வருஷம் ஃபிட்டர் பிரிவில் பாடம் எடுத்தவன். இப்போது ஊரில் நாலைந்து பேரோடு சேர்ந்து இதே வேலையாகத்தான் அலைகிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகனுக்கு 19 வயது. பத்தாவதில் கணக்கும் அறிவியலும் போய்விட்டது, அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். மாதத்தில் ஐந்தாறு நாள் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போகிறான். மற்ற நாளெல்லாம் போனும் கையுமாகப் படுத்துக் கிடக்கிறான். அவன் அப்பா ‘தண்டச்சோறு’ என்று திட்டுகிறார், தினமும் சண்டை. இவனை என்ன செய்வது? (ஒரு அம்மா, சங்கரன்கோவில் பக்கம்)

அம்மா, முதலில் அந்த வார்த்தையை வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். பந்தி பரிமாறப் போகிற பையன் விடிவதற்கு முன்னால் எழுந்து போகிறான், முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேரிடம் முகம் கோணாமல் பேசுகிறான், யார் இலையில் என்ன இல்லை என்று பார்த்துக்கொண்டே ஓடுகிறான். சோம்பேறிக்கு இதெல்லாம் வராது. மற்ற நாளில் அவன் படுத்துக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்கம்தான். கூடப் படித்தவன் காலேஜ் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது தெருவில் எதிரே வர யாருக்குத்தான் மனசு வரும்?

அவனுக்குக் கதவு அடைபடவில்லை. போனது இரண்டு பாடம்தான், அதை மட்டும் தனித்தேர்வராகத் திரும்ப எழுதலாம். அது வேண்டாம், புத்தகத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றால், எட்டாவது தேர்ச்சியை வைத்தே அரசு ஐடிஐயில் வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளில் சேரலாம். கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்குத் தகுதி இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொன்னால் பெற்றோர் பாதிப் பேர் நம்புவதில்லை: எட்டாவது முடித்து இரண்டு வருஷ ஐடிஐ படிப்பில் தேறியவர், பத்தாவதின் தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைக்கும். எந்தக் கணக்கைக் கண்டு அவன் ஓடினானோ அந்தக் கணக்கு அங்கே குறுக்கே நிற்காது. வெல்டர் ஒரு வருஷப் படிப்பு, வயர்மேன் இரண்டு வருஷம். சேரும்போதே இதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் நீங்களோ அவன் அப்பாவோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன் மூன்று நாள் வாசல் வரை வந்து திரும்பிப் போனான், பிறகுதான் தெரிந்தது. கேட்டில் நின்றவர் ‘என்ன வேணும்’ என்று கேட்ட தொனியிலேயே அவனுக்குக் கால் வரவில்லை. நாலாவது நாள், அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த அவன் தெருப் பையன் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான், உள்ளே வந்துவிட்டான். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவன் இருப்பான். பெரியம்மா மகனோ, அவனோடு கிரிக்கெட் ஆடுகிறவனோ, யாராவது. அவனைக் கண்டுபிடிப்பதுதான் இந்த மாதம் உங்கள் வேலை.

மூன்று இலவசப் பயிற்சி முடித்துவிட்டேன். செல்போன் ரிப்பேர், டேட்டா என்ட்ரி, ரீடெய்ல் சேல்ஸ். மூன்று சான்றிதழும் பெட்டிக்குள் கிடக்கிறது. வேலை எங்கே? (ஒரு இளைஞர், திருவள்ளூர் மாவட்டம்)

தம்பி, உங்கள் கோபம் சரியானது. பயிற்சி தருகிறவருக்கு இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தோம் என்ற தலைக்கணக்கு முடிந்துவிட்டது, உங்களுக்கு மூன்று வருஷம் போய்விட்டது. இனி எந்தப் பயிற்சியில் சேர்வதற்கு முன்னாலும், போன தடவை இங்கே படித்தவர்கள் இப்போது எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் நம்பர் தருவீர்களா என்று கேளுங்கள். நல்ல மையம் சந்தோஷமாகத் தரும். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது நாலாவது பயிற்சி வகுப்பு இல்லை, அப்ரண்டிஸ். சம்பளத்தோடு வேலை இடத்திலேயே கற்றுக்கொள்வது. 1961-லேயே வந்த சட்டம், 2014-லும் பிறகு 2019-ல் விதிகளிலும் நிறைய மாற்றினார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கவேண்டும் என்பது கட்டாயம். எட்டாவது, பத்தாவது படித்தவர்களுக்கும் இடமுண்டு. 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை, படிப்பைப் பொறுத்து 5,000 ரூபாயில் தொடங்கி 9,000 வரை. உங்கள் மாவட்டத்தில்தானே அம்பத்தூருக்குப் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. தனியாகப் போய் கேட்டில் நிற்காதீர்கள், பக்கத்து அரசு ஐடிஐயில் அப்ரண்டிஸ் விஷயம் பார்க்கிறவரைப் போய்ப் பாருங்கள். எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எது வெறுமனே பெருக்கவும் சுமக்கவும் வைத்துக்கொள்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அரசும் கம்பெனியும் சேர்ந்தால் பயிற்சியின் தரம் மாறும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சாட்சி இருக்கிறது. 2022-ல் தமிழக அரசும் டாடா டெக்னாலஜிஸும் ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐடிஐக்களைப் புதுப்பித்தார்கள். நான் பாடம் எடுத்த காலத்தில் பழைய லேத் ஒன்றை வைத்துக்கொண்டு இருபது பேர் வரிசையில் நின்றோம். இப்போது அங்கே ரோபோ கை, கணினி இயக்குகிற சிஎன்சி இயந்திரம் எல்லாம் இருக்கிறது. அதைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், உள்ளே பார்க்கவேண்டும் என்று கேட்டாலே காட்டுவார்கள்.

பிளஸ் டூ முடித்து ஐந்து வருஷமாக வீட்டில் இருக்கிறேன். தம்பி தங்கைக்குச் சமையல், பாட்டிக்கு மருந்து, ஆடு மேய்ப்பது எல்லாம் நான்தான். ஆனாலும் கேட்கிறவர்களிடம் ‘சும்மா இருக்கா’ என்கிறார்கள். வெளியூர் வேலைக்கு அப்பா விடமாட்டார். (ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்)

தங்கச்சி, உங்கள் கடிதத்தை என் மனைவியும் படித்தாள், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

2024-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இன்னொரு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளைஞர்கள் எத்தனை என்று அதில் கணக்கு இருக்கிறது. 2022 நிலவரப்படி ஆண்களில் 9.8 சதவீதம், பெண்களில் 48.4 சதவீதம். ஏறக்குறைய ஐந்து மடங்கு. (உலகம் முழுக்க இவர்களை ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ‘நீட்’ என்கிறார்கள். நமக்கு நீட் என்றால் மருத்துவத் தேர்வு, அதனால் நான் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுகிறேன்.) அந்த 48 சதவீதத்தில் உங்களைப் போல விடியற்காலையிலிருந்து இரவு வரை உழைக்கிற எத்தனை பேர் இருப்பார்கள்! அந்த உழைப்புக்குக் கணக்கில் ஒரு பெயர்கூட இல்லை.

சரி, வழிக்கு வருவோம். உங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு 1989-ல் முதலில் தொடங்கியது தருமபுரியில்தான், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. உங்கள் ஊரிலும் குழு இருக்கும், அவற்றுக்கு மேலே ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஒன்றும் இருக்கும். அந்தக் கூட்டமைப்புத் தலைவியைப் போய்ப் பாருங்கள், அப்பாவிடம் பேசச் சரியான ஆள் அவர்தான். நானோ ஒரு அதிகாரியோ வந்து சொன்னால் அப்பா தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். பத்து வருஷமாகத் தெரிந்த, தன் வீட்டுக்காரிக்குக் கடன் வாங்கிக் கொடுத்த பெண்மணி வந்து ‘என் பொறுப்பில் அனுப்புங்க அண்ணே’ என்றால் அது வேறு.

உள்ளூரிலேயே கற்க வேண்டும் என்றால் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தை விசாரியுங்கள், ஆர்செட்டி என்றால் வங்கியில் எல்லோருக்கும் தெரியும். தையல், அழகுக்கலை, கறவைமாடு, ஆடு வளர்ப்பு என்று சில வாரப் பயிற்சி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஆடு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, அதையே முறையாகச் செய்தால் என்ன வரும் என்று அங்கே கணக்குப் போட்டுக் காட்டுவார்கள்.

இந்த ஆர்செட்டி எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரே என்ற ஊரில் தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்கடேயும் சிண்டிகேட், கனரா என்ற இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஆரம்பித்தது. கோயில் பக்கம் ஊரின் நம்பிக்கை இருந்தது, வங்கிப் பக்கம் பணம் இருந்தது. பயிற்சி சில வாரம்தான், ஆனால் முடித்துப் போனவரை இரண்டு வருஷம் விடாமல் விசாரித்தார்கள். கடை போட்டாயா, கடன் வந்ததா, எங்கே மாட்டிக்கொண்டாய் என்று. அந்த விசாரிப்பினால்தான் அது நின்றது. பிறகுதான் மத்திய அரசு அதையே மாவட்டத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தங்குமிடம் தருகிறோம், மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று மில் வேலைக்கு ஆள் பிடிக்க யாராவது வந்தால் போகாதீர்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நம் கொங்கு மாவட்டங்களில் எத்தனை பெண்கள் அதில் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள் என்பது ஊரறிந்த கதை. மாதச் சம்பளம் மாதாமாதம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு வரவேண்டும், வாரம் ஒருமுறையாவது வெளியே போய்வர முடியவேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடம் நமக்கு வேண்டாம்.

சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், 14 பேர். உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்தால் பத்து நாளில் போனை எடுப்பதில்லை. ஒடிசாவிலிருந்து வருகிறவர்கள் இரண்டு வருஷம் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு உழைக்க மனசில்லை என்றுதானே அர்த்தம்? (ஒரு வாசகர், கோவை)

அப்படி இல்லை ஐயா. உங்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும், ஆனால் பத்து நாளில் நின்ற பையன்களின் வீட்டுக்கு நாங்கள் போய்க் கேட்டிருக்கிறோம். ஒருவன் பஸ் காசு தீர்ந்துவிட்டது, முதல் சம்பளம் வர இன்னும் இருபது நாள் இருந்தது, கேட்க வெட்கப்பட்டு நின்றுவிட்டான். இன்னொருவனை முதல் வாரமே சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சாதிப் பெயரை இழுத்துப் பேசியிருக்கிறார். மூன்றாமவனுக்கு டீ வாங்கி வருவதும் இரும்புச் சீவல் அள்ளுவதும் தவிர ஒரு மாதமாக எதுவுமே காட்டித் தரவில்லை. ஒடிசாவிலிருந்து வருகிற பிள்ளை ஊரிலிருந்து ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து வருகிறான், ஒரே அறையில் தங்குகிறான், ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் கஞ்சி வைக்கிறான், முன்னால் வந்த அண்ணன் ‘கொஞ்ச நாள் பொறு’ என்கிறான். நம் பையன் தனியாக வருகிறான்.

அதனால் இரண்டு பேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் மாதம் மட்டும் வாரச் சம்பளம் கொடுங்கள். உங்களிடம் இருக்கிறவர்களிலேயே பொறுமையான ஒரு டர்னரிடம் (லேத் ஓட்டுகிறவரிடம்) அவர்களை ஒப்படைத்து, இவர்கள் மூன்று மாதம் தாண்டினால் உனக்கும் ஒரு தொகை என்று சொல்லிப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டிவிட்டான் என்றால் பெரும்பாலும் நிலைத்துவிடுவான், இது நாங்கள் பார்த்தவரையில் திரும்பத் திரும்ப நடந்தது. அப்புறம், பையனை அனுப்பிவைத்த ஐடிஐ ஆசிரியரோ சங்கமோ யாராக இருந்தாலும், அவரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து ‘அவன் ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லிவையுங்கள். பத்தாவது நாள் தேடுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இரண்டாவது நாளே வீட்டுக்குப் போய்க் கேட்டால் பாதிப் பேரைத் திரும்பக் கொண்டுவரலாம்.

எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்துகிறோம். இப்படி இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை. எங்களிடம் பணமும் இல்லை, பெரிய தொடர்பும் இல்லை. எங்கே தொடங்குவது? (வாசகசாலை நண்பர்கள், மன்னார்குடி பக்கம்)

இந்தக் கடிதத்தைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பணமில்லை என்று கவலைப்படாதீர்கள், ஆரம்பத்தில் யாரிடமும் வசூல் பண்ணவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். 18 வயது வரை உள்ள பிள்ளைகள் என்றால் பள்ளியில் எமிஸ் என்கிற மாணவர் பதிவு எண் இருக்கிறது, பள்ளி செல்லாதவர்களைத் தேடிக் கணக்கெடுக்க ஆசிரியப் பயிற்றுநர்கள் வருஷாவருஷம் வீடு வீடாக வருகிறார்கள். 18 தாண்டிவிட்டால் அந்தக் கணக்கிலிருந்து அவன் விழுந்துவிடுகிறான், அவனை நினைவு வைத்துக்கொள்ள ஊர் மட்டும்தான். ஆகவே அங்கன்வாடி அக்கா, 2021-லிருந்து இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் பாடம் எடுத்த பெண்கள், மகளிர் குழுத் தலைவி இவர்களை வாசகசாலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லித் தெருத் தெருவாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வீட்டில் யார், எதுவரை படித்தான், ஏன் விட்டான், இப்போது என்ன செய்கிறான். காலனித் தெருவிலிருந்தும் ஆள் வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பட்டியல் அரைப் பட்டியல்தான்.

இரண்டாவது காகிதம். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், நாங்கள் பார்த்த பிள்ளைகளில் நிறையப் பேர் நின்றுபோன இடம் ஆர்வமோ திறமையோ இல்லை, டிசி. பள்ளியில் வாங்காமலே விட்டது, வெள்ளத்தில் போனது, ஆதாரில் ஒரு பெயர் மதிப்பெண் சான்றில் ஒரு பெயர், சாதிச் சான்று எடுக்கவே இல்லை, வங்கிக் கணக்கு செயலிழந்து கிடக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசி ஒரு நாளைக் குறித்து, இ-சேவை நடத்துகிறவரையும் உட்கார வைத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துவிடுங்கள். இந்த ஒரு நாளே உங்களை ஊருக்குள் நிறுத்திவிடும்.

மூன்றாவதாக உங்கள் ஊர்த் தொழில்காரர்கள். மோட்டார் காயில் கட்டுகிறவர், டிராக்டர் மெக்கானிக், அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர், ஏசி பார்க்கிறவர், கொத்தனார். தமிழக அரசின் வாழ்ந்து காட்டுவோம் என்ற கிராமப்புறத் திட்டத்தில் ‘சமுதாயத் திறன் பள்ளி’ என்று ஒன்று செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. உள்ளூரில் கைதேர்ந்த ஒருவரையே ஆசிரியராக்கி, அவர் தொழில் செய்கிற இடத்திலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். பிள்ளை பட்டணத்துக்குப் போய் விடுதியில் தங்கவேண்டியதில்லை, கற்றுக்கொடுக்கிறவர் அவன் மாமாவாகவே இருக்கலாம். ஒன்றிய மகளிர் திட்ட அலுவலகத்தில் போய் இப்போது அதுபோல எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று நேரே கேளுங்கள்.

இதெல்லாம் புதிதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1995-ல் புதுச்சேரியிலும் அடுத்த வருஷம் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இதற்காக ஊர் ஊராக அலைந்தவர். பள்ளியை விட்டவர், ஏழை, வயது கூடியவர் என்று யாருக்கு வேறு இடமில்லையோ அவர்களுக்கான கல்லூரி. அங்கே தொழிலோடு சேர்த்து, பேசப் பழகுவது, கோபத்தைக் கையாள்வது, காசை எப்படி வைத்துக்கொள்வது என்றும் கற்றுக்கொடுத்தார்கள், பக்கத்திலிருக்கிற மருத்துவமனை, பட்டறை, கடைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உள்ளூர்த் தொழிலதிபரைக் கூப்பிட்டு உனக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தையே அமைத்தார்கள்.

கடைசியாக, யார் எதைச் செய்வது என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் பயிற்சி மையம் நடத்தாதீர்கள், அதற்கு ஐடிஐ இருக்கிறது. பிளஸ் டூ முடித்து மேலே போகாதவர்களுக்கு ‘உயர்வுக்குப் படி’ முகாம் வைக்கிறார்கள், கல்லூரி, ஐடிஐ, வங்கி எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். அது நடக்கும் நாளில் வேன் பிடித்துக் கூட்டிப்போவதுதான் உங்கள் வேலை. வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது, கூட வருவது, வேலையில் சேர்ந்த பிறகு சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி ‘எப்படிடா இருக்கே’ என்று கேட்பது. கலெக்டர் ஆபீஸாலோ கம்பெனியாலோ செய்யமுடியாத வேலை இது, நீங்கள்தான் செய்யமுடியும். முதல் வருஷம் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் எடுக்காதீர்கள், ஆளுக்கு ஒருவர் கணக்கு. கொஞ்சம் காசு சேர்ந்தால் அதைப் பஸ் காசுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முதல் சம்பளம் வரும் வரைக்கும்.

எனக்கு 31 வயது. எட்டாவதுதான். இரண்டு குழந்தைகள். ஐடிஐ எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே? (ஒரு வாசகி, ஆரணி)

இல்லை அம்மா. ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. என் வகுப்பில் 36 வயதில் ஒரு அம்மா சேர்ந்தார், மகன் பக்கத்துப் பிரிவில் படித்தான், மதியம் இருவரும் ஒரே டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். விண்ணப்பம் வழக்கமாக மே, ஜூனில் வரும், அப்போது தவறினாலும் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். எட்டாவது சான்றும் டிசியும் எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.